ஊதாப் பென்சிலில் எழுதிய பேர்

ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் பெண்கள் விடாமல் கேட்டதால் இதை எழுதுகிறேன். போன மாதம் சங்கத்திலிருந்து ஒரு விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள். அதில் ஆண் என்று ஒரு கட்டம், பெண் என்று ஒரு கட்டம், மூன்றாவதாகத் திருநங்கை என்று ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்களில் ஒருத்தியான செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பெரியம்மா, ஒனக்குன்னு தனியாக் கட்டம் போட்டிருக்காங்க பாரு” என்றாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

“ஏன் பெரியம்மா?”

“மூணாவது கட்டம் வந்தது நல்லதுத்தா. வேணுங்குறவுகளுக்கு இருக்கட்டும். இந்த ரெண்டாவது கட்டத்துக்குள்ள நான் வந்து நின்ன கதை ஒனக்குத் தெரியாது. அதை விட்டுட்டு எந்திரிச்சுப் போக மனசு வரல.”

அந்தக் கதையை எழுதிக் கொடு என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. பிழை இருந்தால் செல்வி திருத்துவாள். கதையைத் திருத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் சிலமலையில் பிறந்தவள். தோட்டம், கிணறு, நாலு மாடு என்று குறையில்லாத வீடு. ஆண் பிள்ளை என்று வளர்த்தார்கள். நான் அது இல்லை என்பது எனக்கு ஏழெட்டு வயதிலேயே தெரியும். வீட்டில் வைத்த பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பேர் எஸ்டேட் ஆள் பட்டியலில் நாலு வருஷம் இருந்ததே போதும். பதினாறு வயதில் என் முடியைப் பிடித்து என்னைப் பெற்ற அய்யா அறுத்த அன்றைக்கு, போடிக்கு நடந்தே வந்தேன்.

போடி கடைவீதியில் என்னைப் போல இரண்டு பேர் இருந்தார்கள். கடை கடையாகப் போய்க் கைதட்டிக் காசு வாங்குவார்கள். வியாபாரம் விருத்தியாகும் என்று முதலாளிமார் தலையைக் குனிந்து அவர்களிடம் ஆசி வாங்கிக்கொள்வார்கள். காய் பொறுக்க மட்டும் ஒரு முறம் கொடுக்க மாட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு இந்த ஊர் விட்டு வைத்த வழி அது ஒன்றுதான். ஒரு வாரம் என்னைக் கூட வைத்துக்கொண்டு சோறு போட்டவர்களும் அவர்கள்தான். ஆனால் நான் ஆசைப்பட்ட இடம் வேறு. என் கையை அடுத்தவர் தலையில் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஏலச் சரத்தில் வைக்க வேண்டும்.

ஜீப்பு ஏறி, ஏலக்காய் எஸ்டேட் இருக்கும் மலைக்குப் போனேன். அந்த ஜீப்பில் ஒரு முறை உண்டு. பெண்கள் உள்ளே உட்காருவார்கள், ஆண்கள் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். நான் நாலு வருஷம் தொங்கினேன். ஆணாள் கூட்டத்தில் உரமூட்டை சுமந்தேன், மருந்து அடித்தேன், காய்ந்த தட்டைகளைக் கழித்தேன். வேஷ்டி கட்டியிருந்தேன். வளர்ந்த முடியைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். அந்த நாலு வருஷத்தைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றும் இல்லை. முதுகு வலுத்தது. அவ்வளவுதான்.

ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. பெண்கள் பழம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏலத்தில் காய் மேலே காய்க்காது. தட்டை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், காய் பிடிக்கிற சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையில் படர்ந்து கிடக்கும். குந்தி உட்கார்ந்து, சருகை விலக்கி, ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் பழமுமாக இருப்பதில் பழுத்ததை மட்டும் கிள்ள வேண்டும். பெருவிரல் நகத்தால் காம்போடு ஒட்டிக் கிள்ளினால் காயில் வால் நிற்காது. இழுத்தால் வாலும் வரும், பக்கத்துப் பூவும் உதிரும். உதிர்ந்த பூ அடுத்த மாதக் காய். பச்சைதான் இரண்டுமே, பழுத்த காய்க்கும் முற்றாத காய்க்கும் வித்தியாசம் விரலுக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் உடைத்துப் பார்க்கலாம். உள்ளே அரிசி கறுத்திருந்தால் சரி, வெளுத்திருந்தால் குற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டோரம் ஒதுக்கிவிட்ட பழைய ஏலத் தூர்களில் உட்கார்ந்து பழகினேன். ஒரு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிள்ள வந்தது.

இனி பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ஆள் எடுப்பதைப் பெரட்டு என்போம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் ஆறரைக்கு அடிப்பார்கள். ஸ்டோருக்கு முன்னால் களம். களத்தின் நடுவே ஒரு தண்ணீர்க் கால், சின்ன வாய்க்கால். அதற்கு இந்தப் பக்கம் ஆணாள், அந்தப் பக்கம் பெண்ணாள். ரைட்டர் தங்கச்சன் சார் படியில் நின்று பேர் வாசிப்பார். ஒரு பேரை மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது தடவையும் குரல் வராவிட்டால் அன்றைக்கு அந்தப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் கூலி மட்டுமல்ல, அரிசியும் இல்லை, வருஷக் கம்பளியும் இல்லை. எஸ்டேட்டில் “பேர் விழுந்ததா?” என்று கேட்டால் “இன்றைக்கு நீ உயிரோடு இருந்தாயா?” என்று கேட்பது மாதிரி.

தங்கச்சன் சார் கோட்டயம் பக்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சட்டைக் காலரில் பின்பக்கம் குடையைத் தொங்க விட்டிருப்பார். மாதம் பிறந்ததும் எல்லார் பேரையும் மைப் பேனாவால் ரிஜிஸ்டரில் எழுதி விடுவார். தினசரிக் குறியை மட்டும் காப்பிப் பென்சிலால் போடுவார். அந்தப் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழும், ரப்பர் போட்டாலும் போகாது. அதனால் அவர் நாக்கும் கீழுதடும் எப்போதும் ஊதா. யாராவது இந்தப் பேரை மாற்று, அந்தக் குறியைத் திருத்து என்று போய் நின்றால், “எழுதியால் பின்ன மாயில்லா. அதுகொண்டு ஞான் ஆலோசிச்சே எழுதும்” என்பார். எழுதினால் பிறகு அழியாது, அதனால் யோசித்துத்தான் எழுதுவாராம். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பயந்தவர். பயந்தாலும் பொய் எழுதாதவர்.

எழுபதுகளின் பாதியில் ஓர் ஆவணி மாதத் திங்கட்கிழமை. பழம் திரண்டு நின்ற சமயம். நான் சேலை கட்டி, தலையைப் பின்னி, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு பெரட்டுக்கு வந்தேன். ஆணாள் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தண்ணீர்க் காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன்.

ஒரு எட்டுதான். அதைத் தாண்ட எனக்கு இருபது வருஷம் ஆனது.

களத்தில் சிரிப்பு எழுந்தது. ஆணாள் பக்கமிருந்து ஒருவன், “ஏலே, ஒம்போது ஓடையத் தாண்டிருச்சுடா” என்றான். சார் தலை நிமிரவில்லை. பேர் வாசித்தார். என் பழைய பேர் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடும்போது மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை நேராகப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாக்கில் பென்சிலைத் தொட்டார். வரவில்லை என்று குறி போட்டார்.

கங்காணி சின்னச்சாமி வேகமாக வந்தார். எல்லாக் கூட்டத்துக்கும் அவர்தான் பெரிய கங்காணி. “என்னடா வேசம் இது? போய் மருந்து மிசினைத் தூக்கு” என்றார்.

“அண்ணே, நாலு வருசம் போட்டிருந்ததுதான் வேசம். இனிமே பழம் எடுக்கப் போறேன்.”

“பொம்பளைக நெரையில ஒன்னைய உக்கார வச்சா நாளைக்கு எவன் எனக்கு ஆள் அனுப்புவான்? வெரசாக் கெளம்பு.”

அவர் கையை ஓங்கியபோது அங்கம்மா அக்கா நடுவில் வந்தார். தேவாரம் ஊர்க்காரர். எங்கள் நிரைக்கு, அதாவது வரிசையாகப் பழம் எடுத்துப் போகும் பெண்கள் கூட்டத்துக்கு, அவர்தான் தலையாள். ஒரு தடவை அவர் தோட்டத்தில் இறங்கிய யானையை வசவிலேயே திருப்பி அனுப்பினார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

“கங்காணி, கையைக் கீழ போடு. ஏத்தா, ஒனக்குப் பழம் எடுக்கத் தெரியுமா, இல்ல சேலைக்கு ஆசைப்பட்டு வந்தியா?”

பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி ஏத்தா என்றார். என்னை அப்படி ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

நிரை மேட்டுக்கு ஏறியது. அங்கம்மா ஒரு தூரைக் காட்டி உட்காரச் சொன்னார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் சருகை விலக்கிக் கிள்ள ஆரம்பித்தேன். ஒரு கூடையின் அடி மறையும் வரை பார்த்தார்கள். அங்கம்மா குனிந்து கை நிறைய அள்ளி, ஒவ்வொன்றாகப் பல்லில் வைத்து உடைத்தார். அத்தனையும் கறுத்த அரிசி. பிறகு சரத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே ஒரு பூ உதிர்ந்திருக்கவில்லை.

“அடியே, இவ நம்மளவிட நல்லா எடுக்குறாளே” என்றார்.

பொட்டிபுரத்துத் தனம் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குச் சம்மதமில்லை. “எடுக்கட்டும்க்கா, நான் வேண்டாங்கல. நாம ஒதுங்கப் போற எடத்துல இவனும் வருவானா? அதைச் சொல்லு.”

“வருவா. நீ ஒதுங்கப் போனா பின்னாடியே பன்னி வருது, பன்னி வருதுன்னு கத்துறியே. இவ கம்போட காவலுக்கு நிக்கட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. அவளை நான் தப்புச் சொல்ல மாட்டேன். பயம் கேட்டுக்கொண்டா வருகிறது? பிற்பாடு அவள் மகளுக்குப் பேறுகாலத்தில் நான்தான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். அது வேறு கதை.

எங்கள் மலையில் ஒரு வழக்கம். அட்டைக்கும் ஈரத்துக்குமாக இடுப்பில் ஒரு சாக்குத் துணி கட்டுவோம். படங்கு என்போம். புதிதாக வரும் பெண் அதைத் தானாகக் கட்டிக்கொள்ளக் கூடாது. நிரையில் ஒருத்தி கட்டிவிட வேண்டும். கட்டியவள்தான் அந்த வருஷம் முழுக்க அவளுக்குப் பொறுப்பு. அவள் பிஞ்சைக் கிள்ளினால் திட்டு இவளுக்கு. அவள் ஓடிப் போனால் வீட்டுக்குப் பதில் சொல்வதும் இவள்தான். அங்கம்மா தன் கூடையிலிருந்து ஒரு படங்கை எடுத்து உதறினார். என் இடுப்பைச் சுற்றிக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார்.

“பேரு என்ன வச்சிருக்க?”

“முத்துப்பேச்சி.”

“நல்ல பேரு. முத்துப்பேச்சி, என் மானத்தை வாங்கிறாத.”

சாயங்காலம் ஸ்டோரில் சாக்கு விரித்துக் கூடையைக் கொட்டினோம். தங்கச்சன் சார் என் குவியலில் கை விட்டார். உடைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை அடியிலிருந்து எடுத்து உடைத்தார். உள்ளங்கையைத் தட்டிவிட்டு, “கை நல்ல கையாணு” என்றார்.

“அப்ப பேரைப் பெண்ணாள்ல எழுதுங்க சார்” என்றார் அங்கம்மா.

“கை வேற, பட்டியல் வேற. நாளைக்கு ஓபீசர் வந்து இது யாரு, எந்தானு சோதிச்சா ஞான் எந்து பறயும்?”

“முத்துப்பேச்சின்னு சொல்லுங்க.”

சார் குடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து பதினொரு நாள் எனக்குப் பேர் இல்லை. காலையில் பழைய பேரை மூன்று தடவை கூப்பிடுவார், நான் வாய் திறக்க மாட்டேன், குறி விழும். பிறகு நிரையோடு மேட்டுக்கு ஏறிப் பழம் எடுப்பேன். ஆணாள் கூலி கூடுதல். வாயைத் திறந்து ஒரு தடவை “சார்” என்றால் போதும், கூலியும் அரிசியும் கிடைக்கும். சின்னச்சாமி தினமும் இதைச் சொல்லிக் காட்டுவார். சாயங்காலம் எங்கள் எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் உலை வைக்கும்போது நிரைப் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி என் சட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆறாம் நாள் தனமும் ஒரு பிடி போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டாள். அரிசி அரிசிதானே.

பன்னிரண்டாம் நாள் பெரட்டு நேரத்தில் கீழ் வளைவில் ஜீப்பு ஏறும் சத்தம் கேட்டது. தொழிலாளர் ஆபீசரின் ஜீப்பு. முன்கூட்டித் தகவல் இல்லை. தங்கச்சன் சாருக்கு முகம் செத்துவிட்டது. பேர் இல்லாத ஆளை வேலை வாங்குவது எஸ்டேட்டுக்குப் பெரிய குற்றம். அவர் படியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். அதுவரை அவர் என்னிடம் நேராகப் பேசியது கிடையாது.

“நீ ஸ்டோரின்ட பின்னில் போய் நில்லு. அயாள் போனபின் வா. தயவு செய்து.”

சின்னச்சாமி என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் இரண்டு எட்டு வைத்தும் விட்டேன். அப்போது பின்னால் அங்கம்மாவின் குரல் கேட்டது. சத்தமில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

“இன்னைக்கு ஒளிஞ்சேன்னா காலம் பூரா ஸ்டோருக்குப் பின்னாடிதான் நிக்கணும். யோசிச்சுக்கோ.”

நான் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றேன். படங்கின் முடிச்சைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

ஆபீசர் வயதானவர், தமிழ் தெரிந்தவர். ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். பிறகு பெண்ணாள் பக்கம் வந்து ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார்.

“எழுதியிருக்கிறது நாற்பத்தொண்ணு. நிக்கிறது நாற்பத்திரெண்டு. ஒரு பொம்பளைக்குப் பேர் போடாம வேலை வாங்குறீங்களா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னை அறியாத மனுஷன். வந்தார், எண்ணினார், ஒரு பொம்பளை கூட என்றார். தங்கச்சன் சார் வாய் திறப்பதற்குள் சின்னச்சாமி முந்திக்கொண்டார்.

“அய்யா, அது பொம்பளை இல்லீங்க. ஆணாள்ல பேர் இருக்குங்க. சேலையக் கட்டிக்கிட்டு அழும்பு பண்ணுதுங்க.”

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். என்னை முன்னால் வரச் சொன்னார். கையை நீட்டு என்றார். நீட்டினேன். ஏலம் எடுக்கிறவளுக்குப் பெருவிரல் நகக்கண்ணில் ஒரு கறை ஏறும். சீயக்காய் போட்டாலும் போகாது. பக்கத்தில் நின்றவளின் கையை நீட்டச் சொன்னார். அதே கறை. அவளுக்கு அடுத்தவளுக்கும் அதே கறை.

“ஆம்பளைன்னா கூலி கூடக் கிடைக்குமே. எதுக்கு இங்க வந்து நிக்கிறே?”

“கூலிக்கு வரலைங்க. பேருக்கு வந்தேன்.”

அவர் இன்னொரு தடவை என் நகத்தைப் பார்த்தார். பிறகு தங்கச்சன் சார் பக்கம் திரும்பினார். “இதுல சட்டம் என்ன சொல்லும்னு எனக்கும் தெரியாது. வேலை செய்யுற ஆளுக்குப் பேர் இருக்கணும், அது தெரியும். ரிஜிஸ்டரும் தலையும் ஒத்துப்போகாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேர் வாசிங்க, பார்ப்போம்.”

சார் படியில் ஏறினார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், வழக்கப்படி ஆணாளிலிருந்து வாசித்தார். என் பழைய பேர் வந்தது. மூன்று தடவை. நான் வாய் திறக்கவில்லை. ஆணாள் முடிந்து பெண்ணாள் வந்தது. முதல் பேர் அங்கம்மா.

“அங்கம்மா.”

குரல் இல்லை. அங்கம்மா முன்னால்தான் நிற்கிறார், வெற்றிலை மென்றுகொண்டு.

“அங்கம்மா. அங்கம்மா.”

இல்லை. சார் அடுத்த பேரை வாசித்தார். மூன்று தடவை. இல்லை. அதற்கடுத்த பேர். இல்லை. இதை யாரும் பேசி வைத்திருக்கவில்லை. என் தலை மேல் சத்தியம் செய்து அங்கம்மா பிற்பாடு சொன்னார். பதினொரு நாளாக நான் செய்ததை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஏழாவதாகத் தனத்தின் பேர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

தனமும் வாய் திறக்கவில்லை.

மேட்டில் பழம் வெடிக்க நிற்கிறது. ஒரு நாள் தப்பினால் அணில் தின்றது போக மிச்சம் மண்ணில். எல்லாருக்கும் தெரியும், ஆபீசரைத் தவிர. சின்னச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“எந்தா இது அங்கம்மா?” என்றார் சார்.

“நெரையில ஒரு பேரு விட்டுப்போச்சு சார். அதைக் கூப்பிட்டுட்டு எங்களைக் கூப்பிடுங்க. படங்கு நான் கட்டியிருக்கேன். பொறுப்பு என்னோடது.”

தங்கச்சன் சார் ரிஜிஸ்டரைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். மைப் பேனா அறையில் இருந்தது போல. காதில் செருகியிருந்த காப்பிப் பென்சிலை எடுத்தார். ஆணாள் பக்கத்தைப் புரட்டி ஒரு கோடு இழுத்தார். பெண்ணாள் பக்கத்துக்கு வந்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். வழக்கத்தைவிடக் கூட நேரம் நாக்கிலேயே வைத்திருந்தார். ஆலோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“பேரு பற.”

“முத்துப்பேச்சி.”

எழுதினார். எழுதியதை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தினார். பிறகு தலை நிமிர்ந்து, எல்லாரையும் கூப்பிடுகிற அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் கூப்பிட்டார்.

“முத்துப்பேச்சி.”

“சார்” என்றேன். மூன்றாவது தடவைக்கு அவரை நான் விடவில்லை.

அன்றைக்கு நாங்கள் எடுத்த பழத்தை ஸ்டோரில் கொட்ட இடம் போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை போடிக்கு இறங்கும்போது ஜீப்பின் உள்ளே உட்கார்ந்தேன். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே இருந்த அத்தனை பெண்களும் அவனைப் பார்த்தார்கள். வண்டியை எடுத்தான். மலைப் பாதையில் பதினேழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அங்கம்மாவின் மேல் போய் விழுந்தேன். “ஒழுங்கா உக்காரு, நாலு வருசம் தொங்குன பழக்கம் போகல” என்றார். அந்த வருஷம் கம்பளி பெண்கள் வரிசையில் நின்றுதான் வாங்கினேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பூச்சி அரித்துவிட்டது, இருந்தாலும் இருக்கிறது.

எல்லாம் தேனாக ஓடியது என்று எழுதினால் பொய். போடி பஸ் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் காரணமில்லாமல் லத்தியால் அடித்த தழும்பு முழங்கையில் இருக்கிறது. தம்பி கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. அய்யா செத்த செய்தி மூன்றாம் நாள்தான் மலைக்கு வந்தது. ஆனால் ஒன்று. அந்த மலையில் பேரை எழுதுகிறார்களாம் என்ற பேச்சு கீழே இறங்கிவிட்டது. இரண்டு வருஷத்தில் தேவாரம் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. எண்பதுகளின் நடுவில் எங்கள் மேட்டில் நாங்கள் ஐந்து பேர் படங்கு கட்டியிருந்தோம். ஐந்து பேருக்குமே கட்டிவிட்டது அங்கம்மா என்று இல்லை. ஐந்தாமவளுக்குக் கட்டியது தனம்.

அங்கம்மாவுக்கு முழங்கால் போன பிறகு நிரைக்கு நான் தலையாள் ஆனேன். லயத்தில் அறை ஒதுக்கும்போது என்னையும் ஒரு வார்த்தை கேட்பார்கள். பொன்னுத்தாய், மேரி என்று இரண்டு பெண்கள். இருவரும் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டை விட்டு வந்தவர்கள். ஒரே சட்டியில் சமைப்பார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் பெரட்டுக்கு வரமாட்டாள். அவர்களுக்குத் தனி அறை வேண்டும் என்றேன். சின்னச்சாமி அப்போதும் கங்காணிதான்.

“தனி ரூம்பு குடும்பத்துக்குத்தானே தாயி?”

“ஆமாண்ணே. அது குடும்பந்தான்.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஒங்கூட மல்லுக்கட்ட என்னால ஆகாது” என்று சாவியைக் கொடுத்தார். என்னைத் தாயி என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் போடியில் சின்னதாக ஒரு வீடு பிடித்தேன். ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டேன். ஆபீசில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “குடும்பத் தலைவின்னு எழுதியிருக்கே. பொம்பளைங்கிறதுக்கு, இதுதான் பேருங்கிறதுக்கு ஆதாரம் என்ன?” என்றார். ஐந்து தடவை போனேன். ஐந்து தடவையும் ஆதாரம் என்ற ஒரு சொல்தான்.

மலையில் இதை யாரோ தங்கச்சன் சாரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஓய்வு பெறுகிற மாதம் அது. ஒரு திங்கட்கிழமை நான் ஆறாவது தடவையாக வரிசையில் நிற்கிறேன், வாசலில் குடை தெரிந்தது. காலரில் தொங்குகிற அதே குடை. கக்கத்தில் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு. ஆபீஸ் என்றாலே வேர்த்துப் போகிற மனுஷன் நேராகப் போய் மேசை மேல் கட்டை வைத்துப் பிரித்தார். எனக்குப் பேர் விழுந்த வருஷத்து ரிஜிஸ்டர்.

நான் எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு மழைக்காலத்தில் ஸ்டோர்ப் பரண் ஒழுகியிருக்கிறது. தாள் முழுக்க நனைந்து காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மைப் பேனாவால் எழுதிய நாற்பத்தொரு பேரும் கரைந்து நீலத் தண்ணீராகக் கிடந்தன. அங்கம்மா பேரைக் கூட வாசிக்க முடியவில்லை. ஆனால் காப்பிப் பென்சிலின் குணம் வேறு. ஈரம் பட்டால் அது கரைந்து போகாது, நிறம் ஏறும். அடியில், நாற்பத்திரண்டாவதாக, கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று நின்றது: முத்துப்பேச்சி, பெண்ணாள்.

அதிகாரி நம்பவில்லை. “புதுசா எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?” என்றார்.

“எழுதியால் பின்ன மாயில்லா சாரே” என்றார் தங்கச்சன் சார். “சோதிச்சு நோக்கு.”

அதிகாரி பெருவிரலை நாக்கில் தொட்டு என் பேரின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலை எடுத்துப் பார்த்தார். விரல் முழுக்க ஊதா. தாளைப் பார்த்தார். பேர் முன்னைவிட அழுத்தமாக இருந்தது. வேஷ்டி ஓரத்தில் விரலைத் துடைத்தார், வேஷ்டியிலும் ஏறியது. ஆதாரம் என்ற சொல் அதற்கப்புறம் அவர் வாயில் வரவில்லை.

தங்கச்சன் சார் ஊதா உதட்டோடு சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தண்ணி ஊத்திக் கழுவுங்க சார்” என்றேன் அதிகாரியிடம். “இன்னும் நல்லா ஏறும்.”